லாட்ஜ் பதிவேட்டையும் படியுங்கள்: சுற்றுலா ஆய்வுக்கு வரும் இளையவர்களுக்கு

விருந்தோம்பல், சுற்றுலாத் துறையில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்துவிட்டுத் தலைப்பு கிடைக்காமல் தவிக்கிற பிள்ளைகள் அவ்வப்போது தண்டையார்பேட்டைக்கு என்னைத் தேடி வருகிறார்கள். மெட்ரோ வந்த பிறகு இது கொஞ்சம் அதிகம். முன்பு டி.எச். ரோட்டு நெரிசலைச் சாக்குச் சொல்லியே பாதிப் பேர் வராமல் இருந்துவிடுவார்கள். வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, கொரோனாவுக்கு அப்புறம் ஆராய்ச்சியே மாறிடுச்சுன்னு சொல்றாங்களே, நான் எதை எடுத்துப் பண்ணட்டும்?" ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் எழுதிவைக்கிறேன். எண் போட்டிருப்பது தேடிப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

1. 2020-க்கு முந்தைய ஆய்வுகளை முதலில் படியுங்கள். அதைப் படிக்காமல் 'மாறிவிட்டது' என்று எழுதக் கூடாது. அந்தக் கட்டுரைகளில் பெரும்பங்கு விருந்தாளியின் மனசைப் பற்றியது: திருப்தியா, மறுபடி வருவாரா, நாலு பேரிடம் சொல்வாரா. பேரிடரைப் பற்றி எழுதியவர்களும் உண்டு. பில் ஃபாக்னர் 2001-ல் ஆறு கட்டங்களாகப் பிரித்துக் கொடுத்த சட்டகத்தை எத்தனையோ தீசிஸ்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. அந்த வகை ஆய்வுகளுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது. பேரிடர் ஓர் ஊரைத் தாக்கும், வரப்போகிறவர் வேறெங்கோ பத்திரமாக இருப்பார், ஊரைச் சீர்செய்து விளம்பரம் கொடுத்தால் வந்துவிடுவார். 2004 சுனாமிக்கு இது ஓரளவு பொருந்தியது. 2020-ல் எல்லா ஊரும் ஒரே நேரத்தில் கதவைச் சாத்தின. வருகிறவரே ஆபத்தைக் கூட்டிக்கொண்டு வரக்கூடியவர் ஆனார். உலக அளவில் 2019-ல் சுமார் 146 கோடியாக இருந்த வெளிநாட்டுப் பயண வருகை அடுத்த ஆண்டே 40 கோடி அளவுக்குச் சரிந்தது. விருந்தாளியின் மனசை மட்டும் அளந்து பழகியவர்களுக்குக் கை ஓடவில்லை. வரவேற்கிற ஊர், அங்கே குடியிருப்பவர், பரிமாறுகிறவர் ஆகியோர் பக்கம் ஆய்வின் பார்வை அப்போதுதான் அழுத்தமாகத் திரும்பியது. கொரோனா இந்தத் துறைக்குள் கொண்டுவந்த பெரிய மாற்றம் இதுதான் என்பது என் கருத்து. ரோபோவும் க்யூஆர் மெனுவும் அதற்குப் பிறகு வருபவை.

2. கொரோனாவுக்குப் பிறகு சுற்றுலா எந்தப் பாதையில் போக வேண்டும் என்ற சண்டையில் இரண்டு பக்கத்தையும் படியுங்கள். கோஸ்லிங், ஸ்காட், ஹால் மூவரும் 2020 ஏப்ரலிலேயே, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போக வேண்டும் என்ற பழைய பாதைக்கே திரும்பத்தான் வேண்டுமா என்று கேட்டார்கள். ஃப்ரேயா ஹிக்கின்ஸ்-டெஸ்பியோல்ஸ், சுற்றுலா அந்தந்த ஊர் மக்களின் நலனுக்குக் கட்டுப்பட்டது என்று வாதாடினார். தொழிலைப் போலவே ஆய்வையும் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றார் மரியானா சிகாலா. எதிர்ப்பக்கத்தில், தொழிலே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது தத்துவம் எதற்கு, முதலில் ரூம் நிரம்பட்டும் என்றார்கள். முதல் பக்கத்தில் நின்று எழுதுகிறவர்கள் மீது எனக்கு மரியாதை அதிகம். ஆனால் சுற்றுலா சுருங்கட்டும் என்று ஒரு ரூம் பாயிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று தெரியும். அந்தப் பதிலும் உங்கள் தீசிஸில் இருக்க வேண்டும்.

3. 2020, 2021-ல் வந்த கருத்துக்கணிப்புக் கட்டுரைகளைத் தேதி பார்த்துப் படியுங்கள். வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில் கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரித்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவது எல்லோருக்கும் கைவந்த வேலை. 'அடுத்த ஆறு மாதத்தில் பயணம் போவீர்களா? கூட்டமான இடத்தைத் தவிர்ப்பீர்களா? சுத்தமான ஹோட்டலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பீர்களா?' என்று கேட்டார்கள். ஜனங்களும் தவிர்ப்போம், கொடுப்போம் என்று சொன்னார்கள். தடை நீங்கியதும் அதே ஜனங்கள் ஊட்டி மலைப்பாதையில் வரிசைகட்டி நின்றதை நாம் பார்த்தோம். அவர்கள் பொய் சொன்னதாக ஆகாது. பயந்திருந்த நாளில் பயத்தைச் சொன்னார்கள். பதில் வாங்கியது எந்த மாதம், எந்த அலை, அன்று எந்தக் கட்டுப்பாடு அமலில் இருந்தது என்ற மூன்றும் இல்லாத கட்டுரையை ஓரமாக வையுங்கள். கொரோனா புதிது என்பதாலேயே அதைப் பற்றிய ஆய்வும் புதிதாகிவிடாது என்று செபாஸ்டியன் ஜென்கரும் ஃபுளோரியன் காக்கும் 2020-லேயே எச்சரித்தார்கள். கேட்டவர்கள் குறைவு.

நீங்கள் கேள்வித்தாள் தயாரித்தால் 'செய்வீர்களா' என்பதைக் குறைத்துக்கொண்டு, 'போன மாதம் என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவானது' என்பதைக் கூட்டுங்கள்.

4. இப்போது தமிழ்நாட்டில் நடக்கிற மிகப் பெரிய சுற்றுலாப் பரிசோதனை எது என்று யாராவது கேட்டால் இ-பாஸ் என்று சொல்லுங்கள். அதன் கதையை ஒரு முறை முழுதாகப் பார்த்துவிடுங்கள். 2020 ஊரடங்கில் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக இ-பாஸ் தேவைப்பட்டது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் அது நீங்கியது. ஆனால் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலை ஊர்களுக்கு மட்டும் விடாமல் தொடர்ந்தது. காரணம் அப்போது நோய். பிறகு அதுவும் மறைந்தது. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மறுபடி வந்தது. இம்முறை காரணம் கூட்டம். 2025 ஏப்ரல் முதல் வண்டிகளுக்கு எண்ணிக்கையே விதிக்கப்பட்டது: நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு. நீலகிரி வணிகர்கள் கடையடைத்து எதிர்த்தார்கள். அந்த மலைகள் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது.

நோய்க்காகச் செய்த கருவி கூட்டத்துக்குப் பயன்படுகிறது. 'எப்போது திரும்பி வருவார்கள்' என்ற கேள்வி நாலே ஆண்டில் 'எத்தனை பேர் வரலாம்' என்றானது. வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல் சில நாட்களில் ஒருநாள் பயணிகளிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியதும் இதே வழிதான். ஆனால் வெனிஸைப் பற்றி எழுத ஐரோப்பாவில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் மலைகளைப் பற்றி நீங்கள்தான் கேட்க வேண்டும். வண்டியை எண்ணினால் ஆளை எண்ணியதாகுமா? தனியாக ஒருவர் வருகிற காரும் பன்னிரண்டு பேர் வருகிற வேனும் ஒன்றா? பாஸ் கிடைக்காதவர் வீட்டிலேயே இருந்தாரா, வேறு மலைக்குப் போனாரா? கல்லட்டியிலோ பர்லியாறிலோ டீக்கடை வைத்திருப்பவருக்கு என்ன ஆனது? இதில் ஒவ்வொன்றும் ஒரு தீசிஸ்.

5. சதவீதத்தைக் கண்டால் அடி எண்ணைப் பாருங்கள். இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2019-ல் சுமார் 1 கோடியே 9 லட்சம். 2021-ல் 15 லட்சம். 2022-ல் 60 லட்சத்தைத் தாண்டியது. 'ஒரே ஆண்டில் நான்கு மடங்கு' என்று ஒரு விழா மேடையில் பேசலாம். 2019-ஐ எட்டவில்லை என்பதும் அதே எண்களில்தான் இருக்கிறது.

உள்நாட்டுக் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 2019-ல் 49 கோடிக்கும் மேல், 2020-ல் 14 கோடி, 2021-ல் பதினொன்றரைக் கோடி, 2022-ல் கிட்டத்தட்ட 22 கோடி. 2011 கணக்கெடுப்பில் நம் மாநிலத்தின் மக்கள்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். இது வருகைகளின் எண்ணிக்கை. ஒரே ஆள் பல தடவை எண்ணப்படுவார். வெளிநாட்டவருக்கு விமான நிலையத்தில் குடியேற்றக் கவுன்ட்டர் இருக்கிறது. திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்க வருகிறவருக்கு எந்தக் கவுன்ட்டரும் கிடையாது. எப்படி எண்ணினார்கள் என்று கேட்காமல் இந்த எண்களை முதல் அத்தியாயத்தில் போட்டால், வைவாவில் யாராவது கேட்பார்கள். நானே கேட்பேன்.

இன்னொன்று, நம் பேட்டைக்கே உரியது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது 2021 பிப்ரவரி 14-ல், முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவில். 'மெட்ரோ வந்ததால் வடசென்னை லாட்ஜ் வியாபாரம் என்ன ஆனது' என்று ஒரு தம்பி முன்-பின் ஒப்பீடு செய்யக் கிளம்பினார். முன்பக்கத்தில் ஓர் ஊரடங்கு, பின்பக்கத்தில் இன்னொரு ஊரடங்கு. எது ரயிலின் விளைவு, எது நோயின் விளைவு என்று எந்த மென்பொருளும் பிரித்துச் சொல்லாது. ரயில் வராத இதே போன்ற ஒரு வட்டாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். அவர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

6. யார் விருந்தாளி என்பதை உங்கள் கண்ணால் தீர்மானியுங்கள். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா சொகுசுக் கப்பலை முதல்வர் கொடியசைத்து அனுப்பினார். உடனே அந்தப் பயணிகளின் திருப்தியை அளக்க ஒரு கூட்டம் கிளம்பியது. அளக்கட்டும். துறைமுக மதிலுக்கு இந்தப் பக்கம் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையில் நிற்கின்றன. கேபினுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்டவ் வைத்து டிரைவர் சோறு வடிக்கிறார், டயரடியில் க்ளீனர் தூங்குகிறார். சுற்றுலாப் புள்ளிவிவர விதிப்படி இவர்கள் பயணிகள் இல்லை, ஏனென்றால் சாலையே இவர்களின் வழக்கமான இடம். விதி அதன் வேலைக்குச் சரி. ஆனால் நீங்கள் படிப்பது விருந்தோம்பல். ஊர்விட்டு ஊர் வந்தவன் எங்கே குளிக்கிறான், எங்கே சாப்பிடுகிறான், எங்கே படுக்கிறான் என்பது உங்கள் பாடம்.

லாட்ஜ் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நீளமான கட்டுப் புத்தகம். பெயர், ஊர், வந்த நேரம், போகும் இடம், காரணம், கையெழுத்து என்று கோடு போட்டிருக்கும். 'காரணம்' என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். ராயபுரம் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் எனக்குக் காட்டிய புத்தகத்தில், 2020-க்கு முன் 'கல்யாணம்', 'ஹார்பர் வேலை', 'வியாபாரம்', 'ஸ்டான்லி' என்று கலந்துகட்டி வந்தது. ஊரடங்குக்குப் பிறகு திறந்த பக்கங்களில் ஸ்டான்லி, ஸ்டான்லி, ஸ்டான்லி. ஸ்டான்லி மருத்துவமனை நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள். சிலர் பெயர் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது, அப்புறம் ஒரு நாள் வெளியேறிய நேரம் மட்டும் விடியற்காலை. அந்த வட்டாரத்து லாட்ஜை உயிரோடு வைத்திருந்தவர்கள் இவர்கள். எந்தத் திருப்தி அளவுகோலை எடுத்துக்கொண்டு இவர்களிடம் போவீர்கள்? (பெயரையும் ஆதார் எண்ணையும் உங்கள் நோட்டில் எழுதாதீர்கள். படம் எடுக்கவே எடுக்காதீர்கள்.)

7. பரிமாறுகிறவரைப் பற்றி எழுதுங்கள். 2020 பிப்ரவரியில் ஜப்பானில் நிறுத்திவைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். அந்த அறைகளுக்குத் தட்டு கொண்டுபோனவர்கள் ஊழியர்கள். அவர்கள் தூங்கியதும் சாப்பிட்டதும் சேர்ந்தேதான். கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். பிறகு நம் ஊரிலும் அதே கதை. தனிமைப்படுத்தலுக்கு மாறிய ஹோட்டல்களில் அறைக்கு வெளியே நின்றவர் ஒரு ரூம் பாய்தான்.

டாம் பாமும் கூட்டாளிகளும் 2020-ல் ஒரு கட்டுரைத் தலைப்பிலேயே கேட்டார்கள்: விருந்தோம்பல் ஊழியருக்கு இது புது நெருக்கடியா, பழைய நிலைமையே பெரிதாகத் தெரிகிறதா? நம் ஊருக்கு இந்தக் கேள்வி அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். தென்மாவட்டத்துப் பையன்கள் இருந்த சமையற்கட்டில் பீகார், ஒடிசா, அசாம் பையன்கள் வந்து வெகுநாளாகிறது. 2020 மே மாதம் ஷ்ரமிக் ரயில்களில் ஊர் போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள்? திரும்பியபோது கூலி ஏறியதா? பழைய பாக்கி கிடைத்ததா? பரோட்டா மாஸ்டர் கிடைக்காத கடை மெனுவை எப்படிச் சுருக்கியது? முதலாளிகள் 'ஆளே கிடைக்கலை' என்று சொல்வதை எல்லா நாட்டு ஆய்வுகளும் பதிவு செய்திருக்கின்றன. கிடைக்காத அந்த ஆள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று பின்தொடர்ந்து போனவர் குறைவு. தண்டையார்பேட்டையில் போனால் விடை பாதி வழியிலேயே கிடைக்கும்: சப்ளையராக இருந்தவர் இப்போது ஸ்விகி பையோடு அதே கடை வாசலில் பார்சலுக்குக் காத்திருக்கிறார். 2023 டிசம்பரில் இப்படி டெலிவரி வேலை பார்ப்பவர்களுக்காகத் தமிழ்நாட்டில் நலவாரியம் அமைந்தது. அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று அவரிடமே கேளுங்கள்.

8. பில் போடாத விருந்தோம்பலையும் கணக்கில் எடுங்கள். ஸ்டான்லி மருத்துவமனையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782-ல், பஞ்சம் பிழைக்க வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த மணியக்காரர் சத்திரம் அதன் வேர். சத்திரத்தின் பக்கத்திலேயே வைத்தியமும் வளர்ந்தது. பஞ்சமும் கொள்ளை நோயும் வந்தபோதெல்லாம் அந்நியனுக்கு இடமும் சோறும் கொடுத்த ஊர் இது. 2013-ல் தொடங்கிய அம்மா உணவகங்கள் 2020 ஊரடங்கில் சென்னையில் இலவசமாகச் சோறு போட்டன. ராயபுரம், தண்டையார்பேட்டை மண்டலங்கள் அப்போது நகரத்தின் மிக மோசமான பகுதிகளில் இருந்தன. தொற்றுக்காகத் தகரம் அடித்து மூடிய தெருவுக்குள் பால் கொண்டுபோனது யார், சமைத்தது யார், எத்தனை மணிக்கு? வணிகப் பள்ளிப் பாடத்தில் இதெல்லாம் விருந்தோம்பல் ஆகாது, வருமானம் இல்லையே. பெருந்தொற்றுக்குப் பிறகு அந்தப் பாடத்தின் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போய் உட்காருங்கள். பஞ்சக் காலக் கஞ்சிக்கூடங்களைப் பற்றிய அரசு ஆவணங்கள் உங்கள் முதல் அத்தியாயத்தை எழுதிக் கொடுத்துவிடும்.

9. அடுத்தவர் வீட்டுக் குழாயை நம்பித் தீசிஸைத் திட்டமிடாதீர்கள். ஜனங்களின் நடமாட்டத்தைக் காட்டும் அறிக்கைகளை கூகுள் 2020 ஏப்ரலில் இலவசமாக வெளியிட்டது. எவ்வளவோ பேர் அதை வைத்து எழுதினார்கள். 2022 அக்டோபரில் நிறுத்திவிட்டது. ஹோட்டல் விமர்சனங்களை மொத்தமாக இறக்கி அலசுவதும் அப்படித்தான், நிறுவனம் வாசலைச் சாத்தினால் முடிந்தது. மேலும் மெஸ்ஸில் சாப்பிடுகிற லோடுமேன் விமர்சனம் எழுதுவதில்லை.

10. சாட்ஜிபிடி இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும். மூலத்தைத் திறந்து பார்க்காமல் மேற்கோள் பட்டியலில் எதையும் சேர்க்காதீர்கள்.

11. காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் போடுகிற ஜர்னல் வேண்டாம். தீசிஸுக்கு முன் கட்டுரை வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் என்ன சொல்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், சீனியர் சொன்னதை நம்பி இருக்காதீர்கள்.

12. வடசென்னையை வேடிக்கைப் பொருளாக்காதீர்கள். 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' படம் வீட்டுத் திரைகளில் வந்தது. யூடியூபில் காசிமேட்டு மீனும் அத்தோவும் ஓடின. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். இதை ஆராயலாம், ஆராய வேண்டும். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது வலையும் படகும் கறுத்துப்போனவர்கள் இதே மக்கள்தான். அவர்கள் ஊரில் உணவுச் சுற்றுலா வளர வழி சொல்கிற கட்டுரையில் அந்த எண்ணெய் ஒரு வரிகூட இல்லையென்றால் அதைத் திருப்பி அனுப்புவேன்.

13. கடைக்குப் போகும் நேரம் மூன்றரைக்கு மேல், ஐந்துக்குள். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, சாயங்கால டிபனுக்கு அடுப்பு மூட்டுவதற்கு முன் மாஸ்டர் உட்கார்கிற நேரம் அதுதான். சாப்பிட்டதற்குக் காசு கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்றாலும் கல்லாவில் வையுங்கள். ஊழியரிடம் முதலாளி எதிரில் பேசாதீர்கள். ரெக்கார்டரை எடுத்தால் பேச்சு நின்றுவிடும் என்று தோன்றினால் எடுக்காதீர்கள், வெளியே வந்து உடனே எழுதிக்கொள்ளுங்கள். இந்தி தெரியாவிட்டால் தெரிந்த நண்பரைக் கூட்டிப் போங்கள். அவர் சூப்பர்வைசராக இருக்கக் கூடாது.

14. முடித்ததும் திரும்பிப் போங்கள். கண்டுபிடித்ததை ஒரே பக்கத்தில், தமிழில், அவர்களுக்குப் பயன்படும்படி எழுதிக் கொடுங்கள். கோட்பாடு எல்லாம் அவருக்கு வேண்டாம். பதிவேட்டைக் காட்டிய லாட்ஜ்காரர் கேட்டது ஒன்றுதான்: "துணைக்கு வர்றவங்க மாசக்கணக்குல தங்குறாங்களே, அவங்களுக்கு நாள் வாடகைக்குப் பதிலா வார வாடகை வெச்சா எனக்குக் கட்டுப்படியாகுமா?" உங்கள் பதிவேட்டுக் கணக்கில் சராசரித் தங்கலும் காலி அறை நாட்களும் இருக்கின்றன. அரை மணி நேர வேலைதான், போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.